திரும்பிப் பார்த்தவர்கள்

எல்லோரும் சௌக்கியமா? முட்டி, இடுப்பு, சர்க்கரை எல்லாம் சொன்ன பேச்சுக் கேட்கிறதா? எனக்கு இந்த வயதிலும் கண் மட்டும் பிசகவில்லை. ஊசியில் ஒரே தடவையில் நூலைக் கோத்துவிடுவேன்.

என் படத்தைப் பார்த்த சிலர், எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன்.

பழைய படச்சுருள்களைப் பாதுகாக்கும் காப்பகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். கிழிந்ததை ஒட்டுவது, அறுந்ததை இணைப்பது. அடுத்தவர் படத்துக்கு ஒட்டுப் போட்டே காலம் போன பிறகு, எனக்கென்று ஒன்று செய்ய ஆசை வந்தது. அதில் கதை கிடையாது, நாயகன் கிடையாது. சினிமா பிறந்ததிலிருந்து அதில் யார் யார் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ரயிலேறப் போகிறவள் திரும்புவாள். தூக்குமேடைக்குப் போகிறவன் திரும்புவான். ஊமைப்படத்தில் தெருவோடு போகிற எவனோ கேமராவையே திரும்பிப் பார்த்துவிட்டுப் போவான். அந்தத் துண்டுகளைக் கோத்து, மேலே என் குரலில் பேசுவேன். விட்டுப் போகிறவர்களின் வரலாறுதான் சினிமாவின் வரலாறு என்பது என் வாதம்.

"யாரும்மா இதைப் பாக்கப் போறா?" என்றாள் என் மகள். அவள் எப்போதும் அப்படித்தான்.

காப்பகத்தில் ஒரு விதி உண்டு. அசலில் கத்தரி வைக்கக்கூடாது, நகலெடுத்து அதைத்தான் வெட்ட வேண்டும். முதலில் நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் நகலில் கண் செத்துப்போகிறது. அசலில் அழுகிறவள் கண்ணில் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி இருக்கும். நகலில் அது சாம்பல் பூத்துவிடும். ஆகவே அசலை வெட்டினேன். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று விநாடிதான். முனைகளை ஒட்டிவிட்டால் பேசிக்கொண்டிருப்பவர் லேசாகத் துள்ளுவார், வேறொன்றும் தெரியாது. இப்படி எட்டு வருடத்தில் இருநூற்றுப் பதினொரு படங்கள். பெரும்பாலானவற்றுக்கு வேறு பிரதி எங்கும் இல்லை. எனக்குக் கை கூசவில்லை. யாரும் பார்க்காமல் கிடந்தவைதானே.

கண்டுபிடித்தவர் சேமிப்பறைக்காரர். டப்பாக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். பத்து வருடத்துக்கொரு முறை எல்லாச் சுருளையும் கையால் ஓட்டி, விரலால் தடவிப் பார்ப்பார்.

"அக்கா, இந்த ஒட்டு புதுசா இருக்கே. விரல்ல இடறுது."

"பழசுதான், காஞ்சு தூக்கியிருக்கும் தம்பி."

"எம்பொண்டாட்டி மூஞ்சி மறந்தாலும் எனக்கு ஒட்டு மறக்காதுக்கா. அதைச் சொல்லித்தான் அவ தினமும் திட்டுறா."

பத்து நாள் கழித்து ஒரு பட்டியலோடு என் மேசைக்கு வந்தார். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நாப்பத்தி மூணு டப்பா பாத்தாச்சு. மீதிய நீங்களே சொல்லிடுங்க. துண்டெல்லாம் பத்திரமா இருக்குல்ல? அப்ப ஒண்ணும் கெட்டுப்போகல. அதது எடத்துல திரும்ப ஒட்டிடலாம், நானும் கூட உக்காருறேன். புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் மேல சொல்ல மாட்டேன்."

"அப்ப என் படம்?"

"நகல்ல பண்ணிக்குங்களேன். யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்குத் தெரியும். அதுதான் அந்த மனிதருக்குப் புரியவில்லை. துண்டுகள் திரும்பிப் போனால் என் படம் இல்லை. திரும்பிப் போக அவற்றுக்கு இடமே இல்லாவிட்டால், என்னிடம்தான் இருந்தாக வேண்டும். நிதானமாக யோசித்தால் நீங்களும் இந்த முடிவுக்குத்தான் வருவீர்கள்.

அந்தக் காலத்துச் சுருள் ஒரு முறை பற்றிக்கொண்டால் தண்ணீருக்கும் அடங்காது. செருப்பு ஆணி உரசிப் பொறி பறக்கும் என்று சேமிப்பறைக்குள் வெறுங்காலோடுதான் போவோம். கட்டடத்திலேயே குளிர்ச்சியான இடம் அது. சாப்பிட்டதும் டப்பாக்காரர் அங்கே அரைமணி நேரம் தலை சாய்ப்பார்.

புதன்கிழமை மதியம் அவர் செருப்பு வாசலில் கிடந்தது. என்னுடையதை அதன் பக்கத்தில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அடுக்குகளுக்குப் பின்னால் குறட்டைச் சத்தம். ஒரு டப்பாவைத் திறந்து, அங்கிருந்த மேசை விளக்கைப் போட்டு, சுருளின்மேல் சாய்த்து வைத்தேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கதவைச் சாத்துவது விதி. வெளித்தாழ்ப்பாள் போடுவது விதியில் இல்லை. போட்டேன்.

புகை வந்ததும் எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் அதைத் திறந்தவளும் நான்தான். உள்ளங்கை வெந்துபோனது. கையில் போட்ட துணிக்கட்டைப் பார்த்து மற்றவர்கள் கண் கலங்கினார்கள். விளக்கை அணைக்காமல் தூங்கிவிட்டார் என்று அவர்மேல் பழியை எழுதி விசாரணையை முடித்தார்கள். பழுது பார்க்க என் மேசைக்கு வந்திருந்த துண்டுகள் மட்டும் தப்பின என்றேன். இதாவது மிஞ்சியதே என்று கும்பிட்டார்கள்.

அசலைத் திரையிட எந்த அரங்கிலும் விடமாட்டார்கள், தீப்பிடிக்கும் என்று. நீங்கள் பார்த்தது நகல். அதில் கண்ணில் புள்ளி இல்லை. இது முன்பே தெரியாதா என்பீர்கள். தெரியும்.

படத்தின் கடைசித் துண்டு மட்டும் நானே எடுத்தது. அந்தப் புதன்கிழமை, அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போகும்போது, "தம்பி" என்று கூப்பிட்டேன். கேமரா என் கையில் தயாராக இருந்தது. திரும்பினார். "என்னக்கா, என்னையும் சினிமாவுல சேக்கிறீங்களா?" என்று சிரித்தார். படத்தில் சத்தம் கிடையாது, சிரிப்பு மட்டும்தான்.

எங்கே திரையிட்டாலும் அவர் மனைவி வந்துவிடுகிறாள். அந்த இரண்டு விநாடிக்காகப் படம் முழுக்க உட்காருகிறாள்.

"யாரப் பாத்துக்கா இப்படிச் சிரிக்கிறாரு?" என்று போன முறை கேட்டாள்.

"என்னைப் பாத்துத்தாம்மா."

என் கையைப் பிடித்து, தழும்பைத் தடவிக் கொடுத்தாள்.

அந்த ஒரு பார்வையிலேயே அவர் என்னை மன்னித்துவிட்டார். ஓட்டி ஓட்டிப் பார்த்துவிட்டேன், அதில் துளி வருத்தம் இல்லை. உங்களையும் யாராவது இப்படி மன்னித்திருப்பார்கள். அவர்கள் எப்படித் திரும்பிப் பார்த்தார்கள் என்று நாலு வரி எழுதுங்கள். எல்லாவற்றையும் படிக்கிறேன்.