நாலாவது ஃபாரம்

சூப்பர்வைசர்: ...இது மூணாவது விபத்து ஃபாரம். இதையும் கிழிக்க வெச்சே, அப்புறம் நீயே உக்காந்து எழுது.

டிரைவர்: நான் எங்க கிழிக்கச் சொன்னேன், அண்ணி?

சூப்பர்வைசர்: குடோனுக்குள்ள அண்ணி நொண்ணின்னு கூப்பிடாதேன்னு எத்தனை வாட்டி சொல்றது? அதெல்லாம் வீட்டுல வெச்சுக்கோ. சொல்லு. ஃபோர்க்லிஃப்டைப் பின்னாடி எடுத்தே. அப்புறம்?

டிரைவர்: பேக்கிங் அக்கா பின்னாடி இருந்தாங்க. கால்ல ஏறிடுச்சு.

சூப்பர்வைசர்: இருந்தாங்களா, வந்தாங்களா? முதல் ஃபாரத்துல குறுக்க வந்தாங்கன்னு சொன்னே.

டிரைவர்: சொன்னது நீங்க. நான் தலையாட்டினேன், அவ்வளவுதான்.

சூப்பர்வைசர்: உன்னோட மாரடிக்க என்னால ஆகாது. மஞ்சக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நின்னாங்க?

டிரைவர்: ஆளுங்க நடக்கிற பக்கம்தான். முதுகைக் காட்டிக்கிட்டு பெட்டி கட்டிட்டிருந்தாங்க. கோட்டைத் தாண்டினது நான்.

சூப்பர்வைசர்: நல்லா யோசி. நாலு மணிக்கு மேனேஜர் வர்றார். அவங்க கவனக்குறைவுன்னு எழுதினா உன் வேலை தப்பிக்கும்.

டிரைவர்: அவங்க வேலை? ரெண்டு விரல் எலும்பு உடைஞ்சு ஆஸ்பத்திரில கிடக்காங்க. பழியும் அவங்களுக்கேவா?

சூப்பர்வைசர்: எனக்கு மட்டும் ஆசையா? பின்னாடி போறப்ப பீப் பீப்னு ஊரையே கூட்டும் அந்த வண்டி. அது கேட்டும் நகரலேன்னா...

டிரைவர்: கேக்கலை. பீப்பரைச் சுத்தி டேப் ஒட்டியிருந்துச்சு.

சூப்பர்வைசர்: ...யாரு ஒட்டினது?

டிரைவர்: நான்தான்.

சூப்பர்வைசர்: இதை இப்பத்தான் வாயைத் திறந்து சொல்றியா? எதுக்கு?

டிரைவர்: தலைவலி. சத்தம் தாங்கலை.

சூப்பர்வைசர்: எட்டு வருஷமா அதே சத்தத்துல பாட்டு பாடிட்டு ஓட்டுறே. இன்னைக்குத்தான் தலைவலியா?

டிரைவர்: தலைவலி என்ன, லீவு லெட்டர் கொடுத்துட்டா வரும்?

சூப்பர்வைசர்: நக்கல் வேற. என்ன டேப் ஒட்டினே?

டிரைவர்: பெட்டி ஒட்டுற பழுப்பு டேப்.

சூப்பர்வைசர்: பொய். பச்சை டேப். என்ன முழிக்கிறே?

டிரைவர்: டேப்பை நான் அப்பவே உரிச்சு பாக்கெட்ல வெச்சுட்டேன். யாருகிட்டயும் காட்டலை. நீங்க எப்பப் பார்த்தீங்க, அண்ணி?

சூப்பர்வைசர்: குடோனுக்குள்ள... சரி, விடு. காலையிலேர்ந்து என் ரூம் வாசல்லயே வண்டியை முன்னாடி பின்னாடி ஓட்டிட்டிருந்தே. பத்து மணிக்கு ஹெட் ஆபீஸ் போன். ஒரு வார்த்தை காதுல விழாது. நீ டீக்குப் போன நேரம் பார்த்து டேப்பைச் சுத்தினேன். போன் முடிஞ்சதும் எடுத்துடலாம்னு...

டிரைவர்: எடுக்கலை.

சூப்பர்வைசர்: மறந்துட்டேன்ப்பா. தினமும் எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு பாதுகாப்பு உறுதிமொழி வாசிக்கிறவ நான். எனக்கே மறந்துடுச்சு. வெட்கமா இருக்கு... நீ ஏன் உன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டே? அண்ணிங்கறதாலயா?

டிரைவர்: பாதி அதுக்கு.

சூப்பர்வைசர்: மீதி?

டிரைவர்: டீ குடிச்சுட்டு வந்து முதல் ரிவர்ஸ் எடுத்தப்பவே சத்தம் வரலை. இறங்கிப் பார்த்தேன். உங்க டிராயர்ல இருக்கிற பச்சை டேப். பிரிச்சுவிட எவ்வளவு நேரம் ஆகும்... காதுக்கு நிம்மதியா இருந்துச்சு அண்ணி. அப்படியே ஒரு மணி நேரம் ஓட்டினேன். நாலாவது ஃபாரத்தை எடுங்க. முதல்ல உங்க பேரு, அடுத்து என் பேரு. அக்கா பேரு அடிபட்டவங்க கட்டத்துல மட்டும் இருக்கட்டும்.