ஸ்டெல்லாவும் சொன்ன சங்கீதம்

அபாயச் சங்கு ஊதுகிறது. எழுந்து தாழ்ந்து எழும் ஒரே ஓலம். ரிவ்காவின் சக்கர நாற்காலியைக் குண்டு தாங்கும் காப்பறைக்குள் தள்ளுகிறேன். இரும்புக் கதவைப் பிடித்தபடி நிற்கிறேன். எதிர்வீட்டில் காப்பறை இல்லை. அங்கிருந்து ஸ்டெல்லா வரவேண்டும்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். கண்டதையும் காதில் விழுந்ததையும் மட்டுமே எழுதுவேன். என் பெயரால் வேறு கதை ஏற்கெனவே உலவுகிறது. அதனால் ஒரு தாய் புண்பட்டிருக்கிறார்.

இஸ்ரேலின் தெற்கே ஒரு சிற்றூர். செவ்வாய்க்கிழமை, காலை. நான் படாளத்துக்காரி. ஸ்டெல்லாவுக்கு மாமல்லபுரத்தை அடுத்த கடற்கரையூர். முதியோரைப் பராமரிக்கப் போனோம். எனக்கு ரிவ்கா. அவளுக்கு எதிர்வீட்டுப் பெரியவர்.

முந்தைய ராக்கெட் தாக்குதல்களில் நால்வரும் அந்த அறையில்தான் இருந்தோம். முதியவர் இருவரும் எபிரேயத்தில் ஜெபம் முணுமுணுப்பார்கள். நாங்கள் தமிழில். ஒருநாள் ரிவ்கா தம் ஜெப நூலில் எண்ணைக் காட்டினார். தொண்ணூற்றொன்று. நாங்கள் சொன்னதும் அதுவே. அருகில் ஆயிரம் பேர் விழுந்தாலும் தீங்கு உன்னை அணுகாது என்னும் சங்கீதம். எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் அதை வாசலுக்கு மேல் மாட்டுவோம். ஸ்டெல்லா சிரித்தாள்.

"ரெண்டு பாஷையில மனு போட்டுக்கீறோம்க்கா. எதுனா ஒண்ணு போய்ச் சேராதா?"

இப்போது அவள் தெருவில். பெரியவரின் நாற்காலி நடைபாதை விளிம்பில் சிக்கிக்கொண்டது.

"அக்கா, கதவ சாத்தாத! வந்துகினு கீறேன்!"

நான் சாத்தவில்லை. ஒரு சீழ்க்கை. நெஞ்சில் அறையும் அதிர்வு. காற்று என்னை உள்ளே எறிந்தது. காற்று என்னை உள்ளே எறிந்தது.

இருவரும் தெருவிலேயே இறந்தார்கள். பெரியவரின் அடக்கத்துக்குப் போனேன். உடலைச் சுமந்தவர்கள் நடந்தார்கள், நின்றார்கள், மறுபடி நடந்தார்கள். வழிநெடுக ஒரே ஜெபத்தைச் சொன்னார்கள். எதுவென்று ரிவ்காவைக் கேட்டேன். அதே சங்கீதம். உயிரோடிருப்பவரைக் காக்கவும் அதுதான். இறந்தவரைக் குழிவரை கொண்டுபோகவும் அதுதான். அவர்கள் எதையும் மறைக்கவில்லை. நாங்கள்தாம் பாதியை மட்டும் வாசலில் மாட்டினோம்.

ஊர் திரும்பிய ஞாயிறன்று, சபையில் என்னைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். சங்கீதமே காத்தது என்று நான் சொல்லவேண்டும். விசுவாசத்தோடு சொன்னவள் பிழைத்தாள் என்று போதகர் முன்னுரைத்தார். ஸ்டெல்லாவின் தாய் பேருந்தேறி வந்து கடைசி வரிசையில் இருந்தார். எழுந்தார். குரல் உயரவில்லை.

"அப்ப எம்பொண்ணு இன்னா, சினிமாப் பாட்டா பாடிகினு இருந்தா, ஐயா?"

போதகர் வேதப் புத்தகத்தைப் புரட்டினார். தாய் என் பக்கம் திரும்பினார். கடைசியாக அவள் வாயில் அந்தச் சங்கீதம் இருந்ததா என்று கேட்டார். ஆம் என்று சொல்லியிருந்தால் அவர் அன்றிரவு உறங்கியிருப்பார். என் காதில் விழுந்ததை மட்டும் சொன்னேன்.

இழப்பு இது. ஸ்டெல்லா, வயது முப்பத்தொன்று. அவள் கைவிடாத பெரியவர். என் இடக்காது. அந்தத் தாய் இப்போது எந்தக் கோயிலுக்கும் போவதில்லை.

கதவைச் சாத்தாதே என்று கூவிய பின் ஸ்டெல்லா சங்கீதத்தைச் சொன்னாளா என்பது எனக்குத் தெரியாது. போதகருக்கும் தெரியாது.