பட்ஜெட்டும் அரை மீசையும்

மூதூரிலிருந்து திருகோணமலைக்கு வரும் லாஞ்சில் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். அரிசியும் சீனியும் விலை கூடும் என்று நிதி மந்திரி முதல்நாள் பட்ஜெட்டில் சொல்லியிருந்தார்.

"அரிசி விலை கூடினதுக்கு என்ர மீசை என்ன செய்யும்?" என்றார் பெரிய மீசைக்காரர்.

"நிதி மந்திரிதான் அடுத்த பிரதமர், இல்லாட்டி அரை மீசையை எடுக்கிறன் எண்டு நீங்கள்தானே என்னோட பந்தயம் பிடிச்சனீங்கள், சம்மந்தி," என்றார் மெலிந்தவர்.

"கட்சி வெள்ளிக்கிழமைதான் தலைவரைத் தெரிவு செய்யுது. பொறுங்கோ."

"சீனியில கை வைச்ச மனிசனுக்கு அவற்ற பெண்சாதியும் கை தூக்காது."

"சரி, எடுக்கிறன். ஞாயிற்றுக்கிழமை உங்கட மகன்ர கலியாணப் படத்தில அரை மீசையோட உங்களுக்குப் பக்கத்தில நிக்கிறன்."

மெலிந்தவர் அந்த மீசையை உற்றுப் பார்த்தார்.

"முழுசா வழிச்சால்?"

"அது செத்த வீட்டுக்கு. கலியாண வீட்டில வழிச்சுக்கொண்டு நிக்க ஏலுமோ?"

"பந்தயத்தை விட்டால்?"

"ஊர் விடாது."

லாஞ்ச் இறங்குதுறையில் அணைந்தது. மெலிந்தவர் சம்மந்தியின் கையைப் பிடித்தார்.

"வாங்கோ, தபால் கந்தோருக்கு. கட்சிக்கு ஒரு தந்தி அடிப்பம்."

"என்னெண்டு?"

"அரிசி விலை கூடினதில மூதூர் சனத்துக்குப் பெரிய சந்தோசம். நிதி மந்திரியையே தலைவராக்குங்கோ எண்டு."

"காலமை சீனியில்லாத தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு அவரைத் திட்டினீங்களே?"

"திட்டினனான்தான். முதல் கையெழுத்தும் நான்தான் வைப்பன். நடவுங்கோ."