ரெட்டை எழுத்துக் காசு

தடதடவென்று சத்தம் கேட்டதும் கீழ்க்கடைத் தையல்காரர் கழுத்தில் தொங்கும் டேப்போடு ஓடி வந்தார். எங்கள் இரும்புப் படிக்கட்டு அப்படித்தான், இன்ஸ்பெக்டர். பூனை இறங்கினாலே தெருவைக் கூட்டிவிடும். அன்று இறங்கியது என் தங்கை கணவர், அதுவும் தலைகீழாக.

நிதானமாகவே சொல்கிறேன். எழுதுகிறவருக்கும் கை வலிக்காது. எனக்கும் கொஞ்ச நாளாக எதிலும் அலுப்பு.

பழைய காசுக்கு விலை சொல்வது என் தொழில். மாடியில் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு லென்ஸ். என் கையெழுத்துப் போட்ட உறையில் ஒரு காசு போனால், சேகரிப்பாளர் சங்கத்தில் அதைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பெயர்தான் என் சொத்து. மேசைகூட வாடகைக்கு எடுத்ததுதான்.

மாப்பிள்ளை, காசு போட்டால் துணி துவைக்கும் இயந்திரங்களை வைத்துக் கடை நடத்துகிறவர். நடத்தினவர். வியாபாரம் படுத்து, கடையை விற்றுவிடலாமா என்று அவரும் தங்கையும் பேசிக்கொண்டிருந்த சமயம். இயந்திரத்தின் டப்பாவைக் கொட்டும்போது ஒரு காசு மட்டும் கண்ணாடி மாதிரி மின்னியதாம். தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"மச்சான், எழுத்தெல்லாம் ரெட்டை ரெட்டையாத் தெரியுது. கோளாறு எனக்கா, காசுக்கா?"

"மொதல்ல விளிம்பைப் பிடிங்க மாப்பிள்ளை. முகத்துல விரல் படக் கூடாது."

அது ப்ரூஃப் காசு. சேகரிப்பவர்களுக்கென்றே பளபளப்பாக்கிய அச்சில் அடித்து, பெட்டியில் வைத்து விற்பது. விவரம் தெரியாத யாராவது பெட்டியைத் திறந்து செலவழித்துவிடுவார்கள். இப்படித்தான் அவை தெருவுக்கு வரும். கைமாறிக் கீறல் விழுந்தால் விலை குறையும். ஆனால் எழுத்து ரெட்டையாக இருந்தால் கதையே வேறு. அச்சைச் செய்யும்போதே உருவம் இருமுறை பதிந்திருந்தால் அது டபுள் டை. இரண்டாவது எழுத்தும் உருண்டு திரண்டு நிற்கும், முனைகள் பிளந்திருக்கும். அதை விற்று ஒரு வீடு வாங்கலாம். அச்சில் குறையில்லாமல், அடிக்கும்போது மட்டும் ஆடியிருந்தால், எழுத்தின் ஓரம் படிபோலத் தட்டையாக நசுங்கும். அதை வைத்து ஒரு தீப்பெட்டி வாங்கலாம்.

லென்ஸில் பார்த்தேன். தட்டை என்றேன். மறுபடி இயந்திரத்திலேயே போடச் சொன்னேன்.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. எனக்கும் வருத்தம்தான். அதற்காக, கூடப் பிறந்தவளுக்காகத் தட்டையை உருண்டை என்று சொல்ல முடியுமா?

அடுத்த வாரம் வந்து நின்றார்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. பெரிய ஊர்ல மைக்ரோஸ்கோப்புல வச்சுப் பாத்தாங்க. அசல் டபுள் டையாம்."

"அங்க இருக்கறதெல்லாம் நேத்து முளைச்சதுங்க."

"அதில்ல மச்சான். கொஞ்ச காலமா நீங்க எந்தக் காசைக் கொடுத்தாலும் தட்டைன்னுதான் சொல்றீங்களாம். சங்கத்துல சிரிக்கிறாங்க. உங்க தங்கச்சி அழுவுறா. வாங்க, கண் டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம், நானே கூட்டிட்டுப் போறேன். அப்புறம் நீங்க பாத்த காசையெல்லாம் யாரையாவது விட்டு ஒருவாட்டி திரும்பப் பாக்கச் சொல்லிடலாம்."

அன்பாகத்தான் சொன்னார். தோளில் கைகூட வைத்தார். நான் எழுந்து, படிவரை கூடவே போய் வழியனுப்பினேன். வழியனுப்பியதில் கொஞ்சம் வேகம் கூடிவிட்டது.

தையல்காரர் ஆம்புலன்ஸைக் கூப்பிட ஓடினார். நான் கீழே இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளைக்கு மூச்சு இருந்தது. "மச்சான்" என்றார். அடுத்து என்ன சொல்வாரோ, யார் காதில் விழுமோ. காசு வைக்கும் பச்சை வெல்வெட் துணி என் கையில் இருந்தது. நாலாக மடித்து அவர் மூக்கிலும் வாயிலும் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். திரும்பி வந்த தையல்காரர், நான் ரத்தத்தை நிறுத்தப் பாடுபடுகிறேன் என்று நினைத்து அழுதார். "விடாதீங்க, விடாதீங்க" என்றார். விடவில்லை. எல்லாம் அடங்கிய பிறகு அவரே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன்.

மூக்குக்குள் பச்சை நூல் இருந்ததாக டாக்டர் எழுதியிருக்கிறார் என்கிறீர்கள். இருக்கும். மலிவான வெல்வெட்.

அவர் சட்டைப் பையிலிருந்த காசை நான் தொடவில்லை. தங்கையிடம் கொடுத்துவிடுங்கள். என்னைத் திருடன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

ஒன்றை மட்டும் எழுதுகிறவர் திருத்தமாக எழுதிக்கொள்ளட்டும். கொன்றது நான்தான், அதில் மறுப்பில்லை. ஆனால் அந்தக் காசை நான் தப்பாகப் பார்க்கவில்லை. என் பார்வையில் ஒரு குறையும் இல்லை. ஊர் வாய்க்கு அது புரியாமல் போய், நல்ல மனிதர் ஒருவர் அநியாயமாக உயிரை விட்டார்.

என்ன எடுக்கிறீர்கள்? பார்க்க வேண்டுமா? கொடுங்கள். விளக்கைச் சற்று இப்படித் திருப்புங்கள். லென்ஸ் என் பையிலேயே இருக்கிறது. ம்... பளபளப்பு இருக்கிறது, இதுவும் ப்ரூஃப்தான். வருட எண்ணின் ஓரத்தில் ரெட்டைக் கோடு, பாருங்கள். ஆனால் தட்டை. சந்தேகமே வேண்டாம், தட்டை.

"ஐயா, அது சூப்பர் மார்க்கெட்ல தள்ளுவண்டி எடுக்கக் காசுக்குப் பதிலாப் போடுற டோக்கன். ரெண்டு பக்கமும் எழுத்தே இல்லாத மொட்டைத் தகடு."