கழுத்துக் குழாயும் கத்திய வாத்தும்

ஃப்ரீஸ்லாந்து மாகாணத்திலேயே உரக்க ஊதும் நம் இசைக்குழுவின் தலைவர் ஃபோப்கே அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! என் பேச்சு முடிந்தால்தான் ஆப்பிள் கேக் என்று சமையலறையைப் பூட்டி வைத்திருக்கும் தாய்மார்களே! முப்பது ஆண்டுகளாக டிரம்பெட்டும் ஊதி, சுருட்டும் ஊதிய ஹெர்ரேயின் வணக்கம்!

மார்ச் மாதம், சனிக்கிழமைக் காலை. வலது கையிலிருந்து காபிக் கோப்பை நழுவியது. ரொட்டிக்குப் பாலாடைக்கட்டி கேட்க வாய் திறந்தேன். "ஏணிய எடு" என்று வந்தது!

"ரொட்டிக்கு எதுக்குங்க ஏணி?" என்றாள் என் மனைவி வித்ஸ்கே.

ஐந்தே நிமிடம்! கை திரும்பியது, சொல் திரும்பியது, கூடவே என் திமிரும் திரும்பியது. "எல்லாம் சரியாயிடுச்சு. ஒத்திகைக்குக் கிளம்புறேன்" என்று வெளியே வந்தால், சைக்கிள் சக்கரம் இரண்டிலும் காற்றில்லை!

"நாந்தான் காத்தப் புடுங்கிவிட்டேன். கார்ல ஏறுங்க, ஆஸ்பத்திரிக்கு!" என்றாள் வித்ஸ்கே.

டாக்டர் சிக்மா அம்மையார் என் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார்; ஸ்கேன் எடுத்தார். "மூளைக்கு ரத்தம் கொண்டுபோற இடப்பக்கக் குழாய்ல அஞ்சுல நாலு பங்கு கொழுப்பு அடைச்சிருக்கு. அடுத்த தடவை பேச்சே திரும்பி வராது."

"வீடு நிம்மதியா இருக்குமே டாக்டர்!" என்று சிரித்தேன். வித்ஸ்கே சிரிக்கவில்லை. என் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

மாத்திரை தொடங்கினார்கள், அதே வாரம் அறுவை சிகிச்சை. கழுத்து மட்டும் மரத்திருக்க, நான் விழித்திருந்தேன். வலது கையில் ரப்பர் வாத்து! "சொல்றப்பல்லாம் அமுக்குங்க. வாத்து கத்தினா மூளைக்கு ரத்தம் போகுதுன்னு அர்த்தம்" என்றார் டாக்டர். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்!

கொழுப்பை எடுக்க, ரத்தக்குழாயை டாக்டர் கிடுக்கியால் கவ்வி அடைத்தார். "அமுக்குங்க!" கீ! "அமுக்குங்க!" கீ! மூன்றாம் முறை... அமைதி. மனம் அமுக்குகிறது, விரல் அசையவில்லை!

"மாத்துக்குழாய் போடுங்க, சீக்கிரம்!"

ரத்தத்துக்குக் குறுக்குவழி திறந்தது. கீ! கீ! கீ! கொழுப்பைச் சுரண்டி எடுத்து முடிக்கும்வரை நான் நிறுத்தவே இல்லை. "போதும் ஐயா, தையல் போடணும்!" என்று டாக்டரே கெஞ்சினார்.

என்ன கேட்கிறார் கடைசி வரிசை ரின்சே? வாத்து என்னைவிடச் சுதியாகக் கத்தியதா? கத்தியது ஐயா, கத்தியது!

அன்பர்களே! வலித்ததா? இல்லை! வந்த சுவடு இருந்ததா? இல்லை! அதுதானே வஞ்சகம்? கை நழுவினால், வாய் கோணினால், சொல் குழறினால், ஐந்து நிமிடத்தில் சரியானாலும் அந்த நிமிடமே ஓடுங்கள்!

அன்று டாக்டருக்கு நன்றி சொன்னேன், வாத்துக்கும் சொன்னேன். ஒருத்திக்கு மட்டும், வாயிருந்தும் சொல்லவில்லை. இத்தனை பேர் சாட்சியாக இப்போது சொல்கிறேன்: நன்றி, வித்ஸ்கே!

உங்கள் எல்லார் கழுத்தும் நீடூழி வாழ்க! வணக்கம்!