முட்டிக்கு அடியில் தலையணை

ஊர் அடங்கிய நேரம். ஆள் நடமாட்டமே இல்லாத புறவழிச் சாலை. என் நண்பன் காரை ஓட்டிக்கொண்டு வருகிறான்... பின்சீட்டு கூரை வரைக்கும் தலையணைகள். அவனுடைய பெரியம்மா வீட்டில் இருந்த அத்தனையையும், சோபாத் திண்டுகளைக்கூட விடாமல், அள்ளிப் போட்டுக்கொண்டு வருகிறான்.

ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

பெரியம்மாவுக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தது. தேய்ந்துபோன எலும்பு நுனிகளைச் சீவிவிட்டு, மேலேயும் கீழேயும் உலோகம் பொருத்தி, நடுவில் வழவழப்பான பிளாஸ்டிக் வைப்பார்கள். மறுநாளே எழுப்பி நடக்க விடுவார்கள். வீங்கும். தொட்டால் சுடும். நடக்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும்... அதெல்லாம் சகஜம். கூடாதது ஒன்று உண்டு. முட்டிக்கு அடியில் தலையணை. வைத்தால் சுகமாகத்தான் இருக்கும், வலி குறையும். ஆனால் பின்பக்கத் தசை அந்த மடிப்பிலேயே இறுகிவிடும். பிறகு கால் நிமிராது.

பெரியம்மாவுக்கு இது நன்றாகத் தெரியும். அவள் மாமியாருக்கும் இதே சிகிச்சைதான், படுத்திருந்ததும் இதே அறையில்தான். கிழவி ராத்திரியெல்லாம் முனகுவாள். தூக்கம் கெட்ட எரிச்சலில் பெரியம்மா ஒரு தலையணையை முட்டிக்கு அடியில் திணிப்பாள்.

"இந்தா. வாயை மூடிக்கிட்டுத் தூங்கு."

கிழவியின் கால் கடைசிவரை நிமிரவில்லை. செத்த பிறகும் முட்டி தூக்கிக்கொண்டே நின்றது. அந்தத் தலையணையையே, பச்சைக் கோடு போட்ட உறையோடு, அடியில் கொடுத்துப் புதைத்தார்கள்.

இப்போது பெரியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை... அவள் முட்டிக்கு அடியில் ஒரு தலையணை. எடுத்துப் போட்டார்கள். அடுத்த நாளும் இருந்தது. அதற்கடுத்த நாளும். பயிற்சி கொடுக்க வந்தவர் முட்டியை அழுத்திப் பார்த்து முகம் சுளித்தார்.

"இப்படியே விட்டீங்கன்னா காலை நீட்டவே முடியாதும்மா."

பெரியம்மா, கூட இருந்து பார்த்துக்கொண்ட மருமகள் மேல் பாய்ந்தாள். "நான் நொண்டியாகணும். அதானேடி உன் ஆசை?"

"நான் தலையணை வெக்கறதா இருந்தா கால்ல வெக்க மாட்டேன் அத்தை. நேரா மூஞ்சிலதான்."

சண்டையைத் தீர்க்கத்தான் நண்பன் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனான். வீட்டில் ஒரு தலையணை மிச்சமில்லை.

அன்று ராத்திரி மருமகள் அறைக்கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கையை மடித்துத் தலைக்குக் கொடுத்துப் படுத்தாள். தூங்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும்...

டொக்.

அத்தை திரும்பிப் படுக்கிறாள் என்று நினைத்தாள்.

டொக்... டொக்...

படுத்திருப்பவளின் சத்தம் இல்லை அது. நடக்கிற சத்தம். ஒரு காலை இழுத்து இழுத்து... எலும்பு மக்கிவிடும். உலோகம் மக்காது.

சத்தம் அவள் தலைமாட்டைத் தாண்டிப் போனது. ஈர மண் வாசனை. கட்டில் லேசாகக் கிறீச்சிட்டது.

"இந்தா. வாயை மூடிக்கிட்டுத் தூங்கு."

கரகரத்த குரல். அத்தையின் குரல் இல்லை.

விளக்கைப் போட்டாள். கதவில் தாழ் போட்டபடியே இருந்தது. முட்டிக்கு அடியில் தலையணை. பச்சைக் கோடு. உறையெல்லாம் ஈர மண். பெரியம்மா கண்களை அகல விரித்து, இரண்டு கையாலும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு கிடந்தாள்.

அவள் கால் இன்னும் நிமிரவில்லை. யாரையும் திட்டுவதும் இல்லை. விளக்கை அணைத்ததும்... அவளே முட்டியைத் தூக்கிக் கொடுக்கிறாளாம்.