அவனுக்கு முதல்ல என்ன சொல்லித் தருவீங்க

இல்ல டீச்சர், பயப்படாதீங்க, செவுத்துல இருக்கறது ரத்தக்கறை இல்ல. சூப்பு. காலையில எந்தம்பி கிண்ணத்தோட எம் மேல வீசினான். நான் குனிஞ்சுட்டேன், செவுரு வாங்கிக்கிச்சு. புருவத்து மேல இருக்கே தையல், இது போன மாசத்துது. அன்னிக்குக் குனியல. பக்கவாதத்துல அவனுக்கு வலது கை, வலது காலு, வாயி மூணும் போச்சு. ஆனா அந்த இடது கை இருக்கு பாருங்க, யப்பா! இருபது வருஷம் பட்டறையில தகடு தூக்கின கை.

உக்காருங்க. அவன் எழுந்திருக்க அரை மணி ஆகும். அதுக்குள்ள சிலதச் சொல்லிடறேன். உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் இவனுக்குப் பேச்சுப் பழக்க வந்தாங்க, கேள்விப்பட்டிருப்பீங்களே? ஆமா, அவங்க ஓடினதுக்குக் காரணம் நான்தான். மொத ஆள ரெண்டே நாள்ல வெரட்டினேன். ரெண்டாவது ஆளச் சட்டையப் புடிச்சு மாடிப்படியில தரதரன்னு இழுத்துட்டுப் போயி வாசல்ல தள்ளினேன். பாவம், செருப்பக்கூட எடுத்துக்கல. ஏன்டா இப்படின்னு வீட்டுல கேட்டாங்க. படுக்க வெச்சே தண்ணி ஊட்டினான், புரையேறிடுச்சுன்னு சொன்னேன். நம்பிட்டாங்க. ஏன்னா அந்த விஷயத்துல நான் அப்படிப்பட்ட ஆளுதான்.

நெசமாத்தான் டீச்சர். நிமித்தி உக்கார வெச்சு, தாடையத் தாழ்த்தச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுக்கணும். நெஞ்சுக்குள்ள தண்ணி போச்சுன்னா சளி கட்டி ஆளையே கொன்னுடும். அந்த வலது கையப் புடிச்சு யாரும் தூக்கக்கூடாது, தோள்பட்டை எறங்கிடும். அவன் மச்சினன் ஒருநாள் ஆசையாப் புடிச்சுத் தூக்கப் போனான். விட்டேன் பாருங்க ஒண்ணு, ரெண்டு நாளைக்கு அவனுக்குக் காதே கேக்கல. கால் தடுக்கும்னு தரை விரிப்ப எல்லாம் கிழிச்சு எறிஞ்சேன். பாத்ரூம்ல புடிச்சுக்கற கம்பிய நானே வெல்டிங் பண்ணேன். பிரஷருக்கு ஆகாதுன்னு உப்பு ஜாடியத் தூக்கி நடுவீட்டுல போட்டு ஒடைச்சேன். நல்லாத்தானே இருக்காரு, பிரஷர் மாத்திரைய ஒருநாள் விட்டா என்னன்னு அவன் பொண்டாட்டி கேட்டுச்சு. அந்தப் புள்ளைய நான் அடிக்கல. மேசையக் கவுத்தேன். நல்லா இருக்கறதே அந்த மாத்திரையாலதான், நிறுத்தினா மறுபடி வரும், வந்தா ஆளே மிஞ்ச மாட்டான்னு தொண்டை கிழியக் கத்தினேன். அது என்ன பண்ணுச்சு தெரியுமா? அழுதுகிட்டே என்னக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. மாமா, நீங்க இல்லேன்னா அவரே இல்லன்னுச்சு.

என்ன மட்டும் ஏன் அடிக்கறான்னா? நல்லாக் கேட்டீங்க. மூளை அடிபட்டா கோவம் வரும்னு டாக்டர் சொன்னாரு. வரும்தான். ஆனா பொண்டாட்டி மேல வராத கோவம், எங்கம்மா மேல வராத கோவம், என்னக் கண்டா மட்டும் வருதே, அது எப்படி?

எங்க பட்டறையில ஒரு ரூலு உண்டு டீச்சர். டப்பா மூடி அடிக்கற பிரஸ் மெஷினு, மேலேர்ந்து எறங்கினா விரலும் தகடும் ஒண்ணுதான் அதுக்கு. ஒருத்தன் குடிச்சுட்டு வந்து நாலு விரலக் குடுத்தான். அதுலேர்ந்து எவன் தள்ளாடிட்டு வந்தாலும் கேள்வியே கிடையாது. ரெண்டு சாத்து சாத்தி, வெட்டின தகரம் கொட்டற ஸ்கிராப் ரூம்ல போட்டுப் பூட்டிடறது. தெளிஞ்சப்பறம்தான் தொறக்கறது. ரூல் போட்டவன் நான். முதலாளி நான், மேஸ்திரி எந்தம்பி.

அவனும் குடிச்சவன்தான். எம் பொண்ணு தலையில கை வெச்சு சத்தியம் பண்ணி, ஒரு வருஷமாத் தொடல. அன்னிக்கு டீக்கு மணி அடிச்சாங்க, சரியாப் பத்து மணி. டம்ளர் அவன் கையிலேர்ந்து நழுவுச்சு. அண்ணேன்னு வர்றான், வார்த்தை கொழகொழன்னு வருது. காலு இழுக்குது. எனக்கு ரத்தம் தலைக்கேறிடுச்சு. எம் பொண்ணு மேலயாடா பொய்ச் சத்தியம் பண்ணேன்னு விட்டேன் ஒரு அறை. திரும்பினான். வாய் ஒரு பக்கமாக் கோணியிருந்துச்சு. நான் அடிச்சதுலதான் கோணிடுச்சுன்னு நெனச்சேன் டீச்சர். அந்தப் பயத்துல இன்னும் நாலு போட்டேன். விழுந்தான். காலப் புடிச்சு இழுத்துட்டுப் போயி, தகரத் துண்டுங்க மேல தள்ளிப் பூட்டினேன். உள்ளேர்ந்து கதவ ஒதைச்சான். ஒதைடா, நல்லா ஒதைன்னேன். கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னுடுச்சு.

எழுந்திரிக்காதீங்க. உக்காருங்க, கெஞ்சிக் கேக்கறேன். அது தெரியாமப் பண்ணது. வாய் கோணி, கை தொங்கி, பேச்சு குழறினா பக்கவாதம், ஒரு நிமிஷம் நிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு அன்னிக்கு எனக்குத் தெரியாது. இப்ப பட்டறைச் செவுத்துல ஆளுயரத்துக்கு எழுதி வெச்சிருக்கேன். நான் சொல்ல வந்தது அது இல்ல.

பன்னெண்டு மணிக்குத் தொறந்தேன். பன்னெண்டரைக்கு ஆஸ்பத்திரி. அடைப்பக் கரைக்கற ஊசி ஒண்ணு இருக்கு, வாதம் வந்ததுலேர்ந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். நேரம் தாண்டிப் போட்டா மண்டைக்குள்ள ரத்தம் கொட்டிடும். அந்த டாக்டரம்மா ஊசிய எடுத்து வெச்சுட்டு, கடைசியா இவர நல்லபடியா எப்பப் பாத்தீங்கன்னு கேட்டாங்க. பத்து மணின்னு சொல்லியிருக்கணும். சொன்னா, இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்கன்னு அடுத்த கேள்வி வரும். அவன் கன்னத்துல என் அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு. தெரியாதும்மா, நான் பாக்கவே இல்ல, ரூமுக்குள்ள விழுந்து கிடந்தான்னேன். சேதி கேட்டு ஓடியாந்த அவன் பொண்டாட்டி பக்கத்துலேர்ந்து, காலையில ஏழு மணிக்கு நல்லாத்தான் கெளம்பினாருன்னுச்சு. அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். டாக்டரம்மா விரல் விட்டு எண்ணினாங்க. அஞ்சரை மணி நேரம். ஊசிய எடுத்துட்டுப் போயிட்டாங்க.

எந்தம்பி முழிச்சுட்டுத்தான் இருந்தான். எல்லாத்தையும் கேட்டான். இடது கையால என் சட்டையப் புடிச்சு இழுத்து, ப்ப, ப்பன்னு கத்தினான். பட்டனெல்லாம் தெறிச்சுது. வலியில கத்தறான்னு சொல்லிக் கையப் பிரிச்சு விட்டேன். பட்டறைக்குப் போயி, எவனாவது வாயத் தொறந்தீங்க, கைய மெஷினுக்குள்ள வெச்சு அழுத்திடுவேன்னு மிரட்டினேன். அந்த ரெண்டாவது பேச்சு வாத்தியாரு நல்லவரு டீச்சர். தண்ணியெல்லாம் படுக்க வெச்சு ஊட்டல. நாலாம் நாளே இவன் வாயிலேர்ந்து ப-ங்கற சத்தத்த வரவெச்சுட்டாரு. அடுத்தது பத்து மணின்னு வந்துடும்னு பயந்துதான் இழுத்துட்டுப் போயித் தள்ளினேன்.

அப்புறம் ஏன் நானே உங்களக் கூப்பிட்டேன்னா, போன வாரம் எனக்கே அந்த வாதம் வந்துச்சு. மெஷின்கிட்ட நிக்கறேன், நாக்கு கட்டையாட்டம் ஆயிடுச்சு. நான் மிரட்டி வெச்சவன் ஒருத்தன்தான் என்னத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு ஓடினான். எப்ப ஆரம்பிச்சுதுன்னு டாக்டர் கேட்டதும், பதினொண்ணு இருபதுன்னு பட்டுன்னு சொன்னான். ஒரு நொடி யோசிக்கல அவன். கால் மணியில பேச்சு தானாத் திரும்பிடுச்சு. இது எச்சரிக்கை, அடுத்தது பெருசா வரும், மாத்திரைய விடாதீங்கன்னாரு. வீட்டுக்கு வந்ததும் நேரா தம்பி பொண்டாட்டி முன்னாடி போயி நின்னேன், சொல்லிடலாம்னு. மாமா, உடம்பப் பாத்துக்கங்க, நீங்கதான் எங்களுக்கு எல்லாம்னுச்சு. எனக்கு நாக்கு நல்லாத்தான் இருக்கு டீச்சர். வார்த்தை வரல.

மொதல்ல தண்ணி, அம்மான்னுதான் பழக்குவீங்களாமே. அதெல்லாம் அப்புறம் ஆகட்டும். பத்து மணின்னு சொல்லிக் குடுங்க. அவன் பொண்டாட்டியையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கங்க. அவன் அதச் சொல்லி முடிக்கற வரைக்கும் நான் அங்கயே நிக்கறேன்.